கீழ் வாயைக் கட்டினேன், மேல் வாயை மறந்தேன்

எங்கள் குசினிச் சுவரில் இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு வாய் இருந்தது. பழைய விறகடுப்பின் புகைக்கூட்டு வாய். அதை அடைக்க அரை நாள் போதும் என்று 2023 செப்டெம்பரில் ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். வேலை உண்மையாக முடிந்தது 2024 ஓகஸ்ட்டில். மொத்தம் 157,500 ரூபா போயிற்று. அதில் 74,500 ரூபா அப்படியே தண்ணீரில் போனது, மெய்யாகவே தண்ணீரில்தான். கணவர் கட்டாரில். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே மேசனைப் பிடிப்பது, மண் இறக்குவது, பேரம் பேசுவது, அழுவது எல்லாம் நான் ஒருத்தியே. அப்போது ஊரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

வீடு திருகோணமலைப் பட்டினத்துக்குள், பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அம்மப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகுமட்டும் அங்கேதான் இருந்தார். அங்கிருந்த துரைமார் வீடுகளைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டுக் குசினிக்கும் செங்கல்லால் ஒரு பெரிய புகைக்கூடு வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கட்டுவித்ததாக அம்மா சொல்லுவா. சுண்ணாம்புச் சாந்து, ஒன்பது அங்குலச் சுவர், ஓட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு நாலடி உயரத்துக்கு நிற்கும் கூண்டு. தெருவில் வழி கேட்பவர்களுக்கு அதைத்தான் அடையாளம் சொல்லுவோம். பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி அம்மாவுக்குச் சீதனம், பின்பாதி சின்னம்மாவுக்கு. நடுவில் ஒரு சுவர் எழும்பியது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காஸ் அடுப்பு வந்தபின் அந்த விறகடுப்பு தைப்பொங்கலுக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றாகியிருந்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அது மறுபடி உயிர்பெற்றது. அதற்கு முந்திய வருடம் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் வரிசையில் விடியப்புறம் நின்று, இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய நாட்கள்தான் அதிகம். தேங்காய் மட்டையும் பனை மட்டையும் வைத்து ஆறேழு மாதம் சமைத்தோம். அம்மப்பாவின் கூடு அப்போது நன்றாகப் புகை இழுத்தது, குறை சொல்ல முடியாது. காஸ் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டோம். அப்புறம்தான் அந்த வாய் எங்களுக்குத் தொல்லையாகத் தெரியத் தொடங்கியது. எலி அதன் வழியே இறங்கும். மேற்கேயிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் கரித்தூள் பறந்து வந்து சோற்றுப் பானை மூடியில் படியும். யாரும் அடுப்பெரிக்காத குசினியில் சில காலை வேளைகளில் புகை மணக்கும். அது சுவரில் ஊறிய பழைய மணம் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஓகஸ்ட் மாதம் ஒரு இரவு, தண்ணீர் குடிக்கப் போன மகள் அலறிய அலறலில் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. அடுப்பு மேடையில் ஆறடிச் சாரை ஒன்று நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. எலிக்கு வந்த பாம்பு, விஷமில்லாதது என்று அம்மா எவ்வளவோ சொன்னா. மகள் அந்த வாய் மூடப்படும் வரை குசினிக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றிரவே நான் செய்த வைத்தியம், பழைய ஃபோம் மெத்தை ஒன்றைக் கத்தியால் அறுத்து, இரண்டு உரப்பைக்குள் திணித்து, கையை நீட்டி எட்டின உயரத்தில் கூட்டின் கழுத்துக்குள் இறுக்கி விட்டது. அழகாக அடைத்துக்கொண்டது. என் சாமர்த்தியத்தைக் கணவருக்கு வீடியோவில் காட்டினேன். இதைப் படிப்பவர் யாராவது இப்போது அப்படி ஒரு பையைத் திணித்து வைத்திருந்தால், ஒரு இரவு இரண்டு இரவுக்குச் சரி, அதன் பிறகு எடுத்துவிடுங்கள். அடியில் தெரியாமல் யாராவது தீ மூட்டினால் ஃபோம் என்ன புகை கக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்தால் அது என்ன செய்யும் என்பதை நான் ஐந்து மாதம் கழித்துப் பார்த்தேன்.

செப்டெம்பரில் தெரிந்தவர் மூலம் ஒரு மேசன் வந்தார். வாயை எட்டிப் பார்த்தார். “ரீச்சர், இது அரை நாள் வேலை. கல்லை வச்சுப் பூசிவிட்டா இப்பிடி ஒண்டு இருந்ததே தெரியாது” என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். அவர் கூரையில் ஏறவில்லை. ஏறுங்கள் என்று நானும் சொல்லவில்லை. உள்ளே ஃபோம் பை இருக்கிறது, எடுக்கட்டா என்று கேட்டேன். கிடக்கட்டும், மேலிருந்து ஒன்றும் விழாமல் தாங்கும் என்றார். அது கெட்டித்தனமான யோசனையாகவே எனக்கும் பட்டது. அரை நாள் ஒன்றரை நாளாக நீண்டு, கல், சீமெந்து, மண், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபா. சுவர் மொழுமொழு என்று ஆகிவிட்டது. மகள் வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு அன்றைக்கே குசினியில் தேத்தண்ணி போட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது சுவருக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. முதலில் குழாய் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, குஞ்சு. கூட்டின் மேல் வாய்க்குள் மைனா கூடு கட்டியிருந்திருக்கிறது. அதிலிருந்து ஒன்று வழுக்கி, நான் திணித்த பையின் மேல் விழுந்து கிடந்திருக்கிறது. தாய் மைனா கூண்டின் விளிம்பில் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. மேசனுக்கு எடுத்தால் அவர் நிலாவெளியில் வேறு வேலையில் நிற்கிறார், நாளைக்கு என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார். புதிதாகப் பூசிய சுவரை நானே உடைக்கலாமா என்று அலவாங்கை எடுத்து வந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 18,500 ரூபாவை நினைத்தேன், வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் சத்தம் நின்றது. நாலைந்து நாளில் மணம் தொடங்கியது. சாம்பிராணி போட்டுப் போட்டு அதை மறைத்தேன். பணம் போனதை ஆட்களிடம் சொல்லிச் சிரிக்க முடிகிறது. இதை இப்போதும் அப்படிச் சொல்ல வரவில்லை. கல் வைக்க முன் ஒரு முழு நாள் அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். காலையிலும் மாலையிலும் மேலே பறவை போய் வருகிறதா, இருட்டும்போது வௌவால் கிளம்புகிறதா, குளவி சுற்றுகிறதா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை நாலு கிழமை பொறுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது.

நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முன் குசினிக்குப் பெயின்ற் அடிப்பித்தேன், 9,000 ரூபா. கணவர் அனுப்பிய காசில் அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு பான்றி அலுமாரியும் செய்வித்தேன். தீபாவளி கழிந்து ஒரு கிழமை விடாமல் மழை. இங்கே வருட மழையில் பெரும் பங்கு ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ப்பது உங்களுக்குத் தெரியும். வாடையோடு சேர்ந்து பக்கவாட்டிலும் அடிக்கும். ஒரு காலை அலுமாரிக்கு மேலே சுவரில் தேத்தண்ணி ஊற்றியது போல ஒரு கறை தெரிந்தது. அடுத்த நாள் அது ஒரு முழம். நாலாம் நாள் பழைய வாயின் வடிவத்தை அப்படியே பென்சிலால் கீறியது போலச் சுற்றிவர மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு கோடு. இப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றாரே, இருந்த இடத்தை அங்குலம் பிசகாமல் சுவரே காட்டிக்கொண்டு நின்றது. நனைந்த சாம்பலும் பழைய எலியும் கலந்த ஒரு வாடை. அலுமாரியின் முதுகுப் பலகை பிஸ்கட் போல ஊதியது.

கட்டாரிலிருந்து யோசனை வந்தது, வாட்டர்புரூஃப் பெயின்ற் அடி என்று. கடைக்காரரும் அதையே சொன்னார். பெயின்ற் 14,000, பழையதைச் சுரண்டி அடித்த கூலி 6,000. பத்து நாள் சுவர் வெள்ளையாக நின்றது. பிறகு கொப்புளம் கிளம்பியது. ஒன்றைக் குத்தினால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. இப்போது எனக்குத் தெரியும், தண்ணீர் வெளியிலிருந்து சுவருக்குள் வந்துகொண்டிருக்கும்போது உள்பக்கத்தில் நீர் புகாத பெயின்ற் அடிப்பது வாளி ஒழுகுகிறது என்று அதன் வாயை மூடுவது போன்றது. வரும் வழி அப்படியே கிடக்க, காய்ந்து போகும் வழியை மட்டும் அடைத்திருந்தேன். அதோடு, விறகுப் புகையின் தாரும் உப்பும் வருடக்கணக்காகச் செங்கல்லுக்குள் ஊறியிருக்கும். ஈரம் பட்டால் அவை கரைந்து பூச்சு, பெயின்ற் எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்துவிடும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மழை விட்ட நாளிலும் சுவர் பிசுபிசுத்தது. எத்தனை தரம் அடித்தாலும் கறை மேலே வரத்தான் செய்யும். ஊதிப்போன அலுமாரியின் முதுகையும் கீழ்க் கதவு இரண்டையும் மாற்ற இன்னொரு 27,000. இவ்வளவும்தான் அந்த 74,500.

ஜனவரித் தொடக்கத்தில், பாடசாலையில் கூடப் படிப்பிக்கும் ஒருவர் சாம்பல்தீவிலிருந்து ஒரு வயதான மேசனாரை அனுப்பினார். எழுபது வயதிருக்கும். வந்தவர் கதைக்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், மணந்து பார்த்தார். “ஏணி இருக்கா?” என்றார். கூரைக்கு ஏறி அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். “மேல் வாய் ஆவெண்டு கிடக்கு பிள்ளை. கீழ் வாயைக் கட்டினா அது புகைக்கூடில்லை, குடம். மாரி முழுக்க குடத்துக்குத் தண்ணி பிடிச்சிருக்கிறியள்.” முன்பு அடுப்பெரிந்த காலத்தில் விழுந்த மழையைச் சூடு காய வைத்தது. அடுப்பில்லாத காலத்திலும் கீழே வாய் திறந்திருந்ததால் காற்று கீழிருந்து மேலே ஓடி உலர்த்தியது. இரண்டையும் நான் நிறுத்திவிட்டேன். கூண்டு ஓட்டைச் சந்திக்கும் இடத்தில் பழைய சாந்து வெடித்திருந்ததும் அவர் ஏறியதால்தான் தெரிந்தது. இந்த முழு அனுபவத்திலும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுங்கள். வாயை மூட வருகிற மேசன் முதலில் கேட்கும் சாமான் ஏணியாக இருக்க வேண்டும். செங்கல் விலை கேட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அன்றைக்கே புதுக் கட்டை உடைத்தார். முகத்தில் ஈரத் துணி கட்டு, பிள்ளையையும் அம்மாவையும் வெளியே போகச் சொல்லு என்றார். கரித்தூளும் பறவை எச்சமும் கலந்த தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் அள்ள வேண்டும். கட்டை எடுத்ததும் என் உரப்பைகள் வந்தன. காய்ந்த நாளில் நான் ஒரு கையால் திணித்த அந்தப் பைகளை இப்போது அவரும் கூட வந்த பெடியனும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. விழுந்த சத்தத்தோடு குசினி முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மாரி மழையைக் குடித்துக் குடித்து, கழுத்தில் கட்டிய ஈரப் பொட்டலமாக அது இருந்திருக்கிறது. அதன்மேல் அந்தச் சின்ன எலும்புகளும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாளி எடுக்கப் போய்விட்டேன். கரி மட்டும் இரண்டு மூட்டை வந்தது. கேற்றடியில் வைத்த மூட்டையைக் கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் அலையும் மான்களில் ஒன்று வந்து முகர்ந்துவிட்டு, மூக்கில் கரியோடு மத்திய வீதிப் பக்கம் நடந்து போனது. அன்றைக்கு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பிறகு மேசனார் ஒரு வேலை செய்தார். ஒரு தேங்காய் மட்டையைப் பற்ற வைத்து, அணைத்து, புகைய விட்டு வாய்க்குள் பிடித்தார். புகை மேலே போகிறதா என்று பார்க்கத்தான். ஐந்து நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மாவின் குரல். “என்னடி பிள்ளை, நான் அடுப்பே மூட்டேல்லை, என்ர குசினி முழுக்கப் புகையாக் கிடக்கு!” அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு பாதி வீட்டிலும் இரண்டு விறகடுப்பு. கூரைக்கு மேலே ஒரே ஒரு கூண்டு. நாற்பது வருடமாக அண்ணாந்து பார்த்த கூண்டு. நான் படிப்பிப்பது கணிதம். யாரும் எரிக்காத குசினியில் காலையில் மணந்த புகை சின்னம்மா வெந்நீர் வைத்த புகை.

இது சிரிப்புக் கதையாக முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம். டிசெம்பரில் கணவர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார், மேல் வாய்க்குக் கொங்கிறீற்றுப் பலகை ஒன்றைப் போட்டு அடியோடு மூடிவிடு என்று. ஆள் கிடைக்காததால்தான் செய்யவில்லை. செய்திருந்தால் விடியப்புறம் கதவு யன்னல் சாத்தியபடி விறகடுப்பு மூட்டும் சின்னம்மாவின் புகைக்குப் போக்கிடம் இருந்திருக்காது. கண்ணுக்குத் தெரியும் புகையாவது இருமலாக வந்து எழுப்பும். புகையோடு வரும் நச்சு வாயு காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, அது எழுப்பாது. பிரித்த வீடுகள், பொதுச் சுவர் வீடுகள், பழைய லைன் வீடுகளில் இருப்பவர்கள் மேலே கை வைக்க முன் அக்கம்பக்கத்து அடுப்பெல்லாம் எந்தக் கூட்டுக்குள் போகிறது என்று ஒரு மட்டைப் புகை போட்டுப் பாருங்கள். செலவு ஒரு தேங்காய் மட்டை.

மேசனார் இரண்டு வழி சொன்னார். சின்னம்மா தொடர்ந்து எரிக்கப் போகிறா என்றால், எங்கள் பக்க வாயை ஒரு துவாரமும் விடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும், மேலே மழை மட்டும் விழாதபடி தூக்கிய கூரை வைக்க வேண்டும். அவ எரிக்கப் போவதில்லை என்றால், இரு பக்கக் கட்டிலும் காற்றுத் துவாரம் விட்டுக் கட்டலாம், அதுதான் சுவருக்கு நல்லது. இரண்டையும் கலந்தால் வில்லங்கம். எரியும் கூட்டில் எங்கள் பக்கம் துவாரம் விட்டால் அவவின் புகை எங்கள் குசினிக்கு வரும். சின்னம்மாவிடம் போனேன். முதலில் கோபித்தா. “என்ர அப்பா கட்டின அடுப்பு. உங்கட பக்கம் ஈரம் எண்டு என்னை அடுப்பை அணைக்கச் சொல்லுறியோ?” மூன்று நாள் கதைக்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது. அவவின் ஒடியல் கூழும் மீன் குழம்பும் அந்த அடுப்பில்தான் ருசி, 2022இல் நாங்களே அதைச் சொல்லிச் சாப்பிட்டோம். கடைசியில் அம்மாதான் போய்க் கதைத்தா. பின் வளவில் தகரம் போட்ட சின்னக் கொட்டிலும் அதில் ஒரு அடுப்பும் நான் கட்டித் தருவதென்றும், வருகிற தைப்பொங்கலை மட்டும் பழைய அடுப்பில் பொங்கி முடிப்பதென்றும் தீர்ந்தது. கொட்டிலுக்கு 22,000. ஜனவரி 15ஆம் திகதி பொங்கல் பொங்கி, அடுப்புக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டுவிட்டு, சின்னம்மா தானே தண்ணீர் தெளித்து அணைத்தா.

அடுத்த நாளே வேலை தொடங்கலாம் என்று நான் நினைக்க, மேசனார் கச்சான் தொடங்கட்டும் என்றுவிட்டுப் போய்விட்டார். ஈரச் சுவரில் பூச்சு வைத்தால் பழைய கதைதான், அங்குலத்துக்கு ஒரு மாதமாவது காயவிட வேண்டும் என்றார். கறை பிடித்த இடத்துக்கு வெளியே ஒரு அடி வரை பூச்சை எல்லாம் கொத்தி, செங்கல் தெரிய விட்டுப் போனார். ஜனவரியிலிருந்து ஜூன் வரை, மகளின் பரீட்சை நடந்த மே மாதத்தையும் சேர்த்து, எங்கள் குசினி இடிந்த கோயில் மாதிரிக் கிடந்தது. பாம்புக்குப் பயந்து வாய்க்கு ஒரு கம்பி வலைச் சட்டம் மட்டும் வைத்தோம், காற்று போய் வரும். வந்தவர்கள் எல்லாம் ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்டார்கள். அந்த ஐந்து மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, பொறுமைசாலி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதம் அந்த மேல்காற்று நெருப்பாக வீசத் தொடங்கியதும் செங்கல்லின் நிறம் நாளுக்கு நாள் வெளிறியது தெரிந்தது. மூடுகிற வேலையை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வையுங்கள். தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்று புரட்டாசியில் தொடங்குவது என்னைப் போன்ற ஆட்கள் செய்வது.

ஜூன் கடைசியில் மேலிருந்து தொடங்கினார். வெடித்த சாந்தை எடுத்து, கூண்டும் ஓடும் சேரும் இடத்தில் துத்தநாகத் தகடு மடித்து வைத்தார். தகட்டின் மேல் விளிம்பை வெறுமனே சுவரில் ஒட்டாமல், கல்லிடைச் சாந்தைக் கீறி அதற்குள் நுழைத்துப் பூசினார். கூண்டின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கல் வைத்து அதன்மேல் கொங்கிறீற்று மூடி. மூடி நாலு பக்கமும் மூன்று அங்குலம் வெளியே நீட்டி நின்றது. அதன் அடிப்பக்க ஓரத்தில் ஒரு சின்னக் காடி விட்டிருந்தார், தண்ணீர் அந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே ஓடாது. மூடிக்கும் கூண்டுக்கும் இடையிலுள்ள திறப்புக்கு வலை. சாதாரண இரும்பு வலை மலிவு, ஆனால் நம் ஊர் உப்புக் காற்றில் கொஞ்சக் காலத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், பிறகு மைனா மறுபடி குடிவரும். எவர்சில்வர் வலையே வாங்குங்கள். அளவான துண்டு வாங்கினால் விலை பெரிய வித்தியாசமில்லை.

அதன்பிறகுதான் கீழ் வாய்க்கு வந்தார். லொறியில் வந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். “ஆத்து மண்தான், இறக்கு” என்றார். முதல் முறை வந்த மண்ணை யாரும் ருசி பார்க்கவில்லை. உப்பு மண் கலந்தால் பூச்சு எப்போதும் ஈரம் இழுக்கும் என்று அவர் சொன்னபோது, சாதாரண கட்டு வேலைக்கும் நான் இனி மண்ணைச் சுவைத்துத்தான் வாங்குவேன் என்று தோன்றியது. கட்டிலே, அடியிலிருந்து இரண்டாம் வரியில், ஒன்பது அங்குல நீளம் ஆறு அங்குல உயரத்தில் ஒரு துவாரம் விட்டு, அதற்கு நுளம்பு போகாத நுண்வலையும் சின்னக் கிறிலும் வைத்தார். சின்னம்மா பக்கமும் அதே மாதிரி. பூச்சில் சீமெந்தைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்த்தார். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் கெட்டிச் சீமெந்துப் பூச்சுப் போட்டால் சுவர் மூச்சு விடாது, ஓரத்தில் வெடிக்கும். இன்னொன்று, புதுக் கல்லைப் பழைய சுவருக்குள் கோத்துக் கட்டவில்லை. சும்மா பொருத்தி, இளஞ்சாந்தில் நிறுத்தினார். ஏன் என்றதற்கு, “2022 திரும்ப வராதெண்டு ஆர் கண்டது? ஒரு உளியும் அரை நாளும் போதும், திறந்துவிடலாம்” என்றார்.

இந்த இரண்டாம் சுற்று, கொட்டில் நீங்கலாக, 61,000 ரூபா. முதலே இப்படிச் செய்திருந்தால் கொட்டிலோடு 83,000இல் முடிந்திருக்கும். பெயின்ற் அடிக்க மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார், நான் நாலு கிழமை பொறுத்தேன், அடிபட்ட மாடு. நீர் புகாத எதுவும் இல்லை, சாதாரண இமல்ஷன்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, துவாரத்தை மறைக்காமல் அதற்கு நேரே அடித்தட்டின் முதுகைத் திறந்து வைத்தோம். அந்தத் துவாரத்தை அழகில்லை என்று உறவுக்காரர் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொன்னார். அவருக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், பாவம், மூன்று மணிக்கு வந்தவர் ஐந்தரைக்குத்தான் போனார்.

ஒரு நட்டமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வாய் திறந்திருந்த காலத்தில் குசினிச் சூடு அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. மூடிய பின் ஓகஸ்ட் மாத வெக்கையில் நின்று சமைக்க முடியவில்லை. முகட்டுக்குக் கிட்டே சுவரில் காற்றுக் கல் நாலு வைப்பித்த பிறகுதான் மூச்சு வந்தது. காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சிலிண்டர் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடுதான் தங்கும். மேலே காற்றுக் கல் இருக்கிறதே என்று கதவுக் கீழ் இடைவெளியையும் தரையை ஒட்டிய துவாரங்களையும் அடைத்துவிட வேண்டாம்.

2024 நவம்பர் கடைசியில், பிறகு பெங்கல் புயலாகத் திரண்ட தாழமுக்கம் எங்கள் கரையோரமாக ஊர்ந்து போன நாட்களில் மின்சாரம் இல்லை. மகள் டோர்ச்சைப் பிடிக்க, நான் மணிக்கொரு தரம் உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தேன். அந்த வயதானவர் வைத்த மாதிரியே. பழைய வாய் இருந்த இடம் காய்ந்தே கிடந்தது. முகட்டுப் பக்கம், தகடு மடிந்து திரும்பும் மூலையில் மட்டும், ஒரு உள்ளங்கை அளவுக்கு ஈரம். விடிந்ததும் மேசனாருக்கு எடுத்தேன். “கையளவுதானே பிள்ளை? கச்சான் வரட்டும், வாறன்” என்றார்.